சம்பாவுக்கு எந்த நெல்லைப் போடுவது? டெல்டாவில் ஒரு வாரம்

ஆகஸ்ட் 25, 2025, திங்கள்: கும்பகோணம், ஆடுதுறை

இந்த வருடம் காவிரியில் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, குறுகிய காலக் குறுவைப் பயிரும் நன்றாக வந்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை போகும் வழியில் இரண்டு பக்கமும் பால் பிடிக்கும் கதிர். முன்னாலேயே நட்டவர்களுடைய வயல் மஞ்சளாகிவிட்டது. நடுநடுவே அடுத்த நெல் பருவமான சம்பாவுக்கு நாற்றங்கால் உழுகிற டிராக்டர்கள். எந்த ரகம் போடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசி முடிவெடுக்கிற நாட்கள் இவை.

நண்பர் வேளாண்மை படித்தவர். வருடாவருடம் சம்பா தொடங்குமுன் ஊர் ஊராகப் போய், கேட்கிறவர்களுக்கு ரகம் தேர்ந்தெடுக்க உதவுவார். பணம் வாங்குவதில்லை, சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். இந்த முறை நானும் உடன் போனேன். அவருடைய பழைய காரின் டிக்கி முழுக்க விதைப் பொட்டலங்கள்.

காலையில் கும்பகோணத்தில் இட்லி, கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டுச் செய்கிற அந்தக் கடப்பா வேறு ஊரில் இந்தப் பதத்தில் கிடைப்பதில்லை. நாலு இட்லி 60 ரூபாய், காபி 25. பரிமாறியவர் கடப்பா வாளியோடு கேட்காமலே திரும்பத் திரும்ப வந்தார்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. குறுவை போடுகிற யாரைக் கேட்டாலும் அங்கே உருவான ரகங்களை 36, 43, 45 என்று எண்களாகவே சொல்வார்கள். ஆடுதுறை என்ற பெயரைச் சேர்க்கக்கூட மாட்டார்கள். 1998-ல் வந்த 43-ஐ இன்றைக்கும் விடாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சன்னமான அரிசி, 110 நாளில் கைக்கு வந்துவிடும், கடன்காரனுக்கு நேரத்தோடு பதில் சொல்லலாம் என்பது அவர்கள் சொல்கிற காரணம்.

மாலையில் வழியில் ஒரு சிற்றூர் விதைக்கடையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். சட்டைப் பையில் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். “இந்த வருசம் எது நல்லா ஓடுதுண்ணே?” என்று கேட்டார். கடைக்காரர் பதில் பேசாமல் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். 30 கிலோ, 1,350 ரூபாய்.

நண்பர் பொறுமையாக, “ஐயா, அட்டையக் கொஞ்சம் பாத்துக்கலாங்களா?” என்றார். மூட்டை வாயோடு சேர்த்துத் தைத்திருந்த அட்டையைத் திருப்பினார். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, நிறுவனம் தானே பொறுப்பேற்று விற்கிற விதைக்குப் பச்சை. இது பச்சை. முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. கீழே சிறிய எழுத்தில் காலாவதித் தேதி: ஜூலை. நெல் விதைக்குச் சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் கணக்கு. அந்த எழுத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே கண்ணில் பட்டது. கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. உள்ளே போய் வேறு மூட்டை எடுத்துவந்தார், தேதி சரியாக இருந்தது.

நண்பர் அதோடு விடவில்லை. வாங்க வந்தவரிடம், “அண்ணே, உங்க வயல் மேடா, பள்ளமா?”

“பள்ளம்தான் தம்பி. கார்த்திகையில ஒரு வாரம் தண்ணி நிக்கும்.”

அந்த மூட்டையில் இருந்தது 120 நாள் ரகம், பள்ளத்துக்கு ஒத்துவராதது. அவர் வாங்காமல், “நாளைக்கு வயலுக்கு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்று ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்: வலங்கைமான் பக்கம்

வெயில் எட்டு மணிக்கே சுட்டது. நேற்று விதை வாங்க வந்த அண்ணன் வரப்பில் காத்திருந்தார். வாய்க்காலை ஒட்டி ஆறு மா பள்ளம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்பதால் இரண்டு ஏக்கர். சாலைக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பிக்கு மூன்று மா மேடு. நண்பர் கிழித்த காலண்டர் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு தாளில் இருந்தது.

நெல் பூப்பது அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்னால். பூக்கிற நேரத்தில் அடைமழை பிடித்தால் மகரந்தம் வீணாகிப் பதராகிவிடும். 130 நாள் ரகத்தை இன்றைக்கு விதைத்தால் ஜனவரி 3-ல் அறுவடை, பூப்பது டிசம்பர் 4. வடகிழக்குப் பருவமழை நடுவில் போய் நிற்கும். அதே ரகத்தைச் செப்டம்பர் 20-ல் விதைத்தால் ஜனவரி 28-ல் அறுவடை, பூப்பது டிசம்பர் கடைசியில். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆக, ஒரே விதை, ஒரே வயல், 25 நாள் வித்தியாசத்தில் நல்ல ரகமாகவும் கெட்ட ரகமாகவும் ஆகிவிடுகிறது.

“அப்ப எல்லாருமே செப்டம்பர்ல போட்டுடலாமே?” என்று நான் கேட்டேன். அண்ணன்தான் பதில் சொன்னார். பள்ளத்தில் தாமதமாக நட்டால் நவம்பர் வெள்ளம் வரும்போது பயிர் சாண் உயரம்தான் இருக்கும், மூழ்கிப்போகும். அதனால் பள்ளத்துக்கு நீண்டகால ரகத்தை இப்போதே விட்டு, மழைக்குமுன் பயிரை வளர்த்துவிட வேண்டும். 155 நாள் ரகம் இன்றைக்கு விதைத்தால் ஜனவரி 28-ல் அறுவடை. மேட்டு வயலும் பள்ள வயலும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வரும், விதைப்பதுதான் முன்பின்.

பள்ளத்துக்கு நண்பர் சொன்னது சிஆர் 1009 சப்-1. பழைய சிஆர் 1009 டெல்டாக்காரர்களுக்குப் பொன்மணியாக நன்றாகப் பழகிய நெல். அதில் ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து சப்-1 என்ற வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் தலைக்குமேல் போனால் சாதாரண நெல் மூச்சுக்காக விறுவிறுவென்று உயர்ந்து, இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் அதற்கே செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 இருக்கிற பயிர் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும், வடிந்த பிறகு சேமித்து வைத்த சத்திலிருந்து துளிர்க்கும். நண்பர் அதன் குறையையும் மறைக்கவில்லை. “முழங்கால் தண்ணி மாசக்கணக்கா தேங்குச்சுன்னா இது காப்பாத்தாதுண்ணே. முழுசா மூழ்கி வடியிற வெள்ளத்துக்குத்தான்.” ரகத்தின் குறையை விதை வாங்குமுன்னே சொல்லிவிடுகிற ஆட்கள் நமக்கு அதிகம் வேண்டும்.

முடிவு அங்கேயே நடந்துவிடவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனதும் அந்த வீட்டு அக்கா ஒரே போடாகப் போட்டார். “அந்த மோட்டா நெல்ல யார் திங்கிறது? இட்டிலிக்குத்தான் ஆவும்.” அது நியாயமான பேச்சு. அரசு ஆதார விலையில் 2025-26-ல் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், முதல்தரம் 2,389. இருபது ரூபாய்தான் வித்தியாசம். கொள்முதல் நிலையத்துக்குப் போடுகிறவருக்கு மூட்டைக் கணக்குதான் பெரிது, மோட்டாவே லாபம். வீட்டுச் சாப்பாட்டுக்கும் வியாபாரிக்கும் சன்னம் வேண்டும். கடைசியில் பள்ளத்தில் சப்-1, தம்பியின் மேட்டில் வீட்டுச் சாப்பாட்டுக்கு டிகேஎம் 13 என்று பேசி முடிந்தது. டிகேஎம் 13 திரூர்குப்பத்தில் உருவாகி 2015-ல் வந்தது. 130 நாள், பிபிடி 5204 என்ற பிரபல ரகம் போலச் சன்ன அரிசி. தம்பிக்குத்தான் செப்டம்பர் பாதிவரை பொறுப்பது கஷ்டமாக இருந்தது. பக்கத்து வயலில் நாற்று பச்சை பிடிக்கும்போது தன் வயல் வெறுமனே கிடப்பதைப் பார்க்க எந்த விவசாயிக்கும் மனசு கேட்காது.

சாப்பாடு: வத்தக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், கெட்டித் தயிர். சோறு போன வருடத்துப் பொன்னி. மறுசோறு வேண்டாம் என்றதை அக்கா காதிலேயே வாங்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்: மன்னார்குடிக்குத் தெற்கே

விநாயகர் சதுர்த்தி. வயல் வேலை இல்லை என்பதால் நிறையப் பேர் வீட்டில் இருந்தார்கள், பேச வசதியாக இருந்தது. போன வீட்டிலெல்லாம் கொழுக்கட்டை. தேங்காய்ப் பூரணம், எள்ளுப் பூரணம், உப்பு உருண்டை. மதியச் சாப்பாடே தேவைப்படவில்லை.

டிக்கியில் இருந்த பொட்டலங்களுக்கு இன்றுதான் வேலை. ஏழெட்டு நெல் ரகங்கள், எல்லாம் 130 நாளையொட்டியவை. ஒருவருக்கு அவற்றில் மூன்று மட்டும். பொட்டலத்தில் ரகத்தின் பெயர் இருக்காது, ஒரு குறியெழுத்து மட்டும். அவர் தன் வயலிலேயே மூன்றையும் அடுத்தடுத்த பாத்தியில் நட்டு, தன் வழக்கப்படியே உரமும் தண்ணீரும் கொடுத்து, எது முதல், எது கடைசி என்று மட்டும் சொன்னால் போதும். நூறு பேர் இப்படிச் சொல்லும்போது எந்த மண்ணுக்கு எது என்று தெரிந்துவிடும். இது நண்பர் கண்டுபிடித்ததல்ல. இந்தியாவில் கோதுமை, எத்தியோப்பியாவில் துரம் கோதுமை, நிகராகுவாவில் பீன்ஸ் என்று மூன்று நாட்டு விவசாயிகளின் 12,409 வயல்துண்டுகளில் செய்து பார்த்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வானிலையில் ஜெயிக்கிற ரகம் எல்லா வானிலையிலும் ஜெயிப்பதில்லை என்பது அதில் தெரிந்தது. பொட்டலத்தில் என்னென்ன ரகம் என்று இங்கே எழுதமாட்டேன். வாங்கியவர்களின் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும்.

ஒரு வீட்டுத் திண்ணையில் விளக்கிக்கொண்டிருந்தபோது எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆயா ஒருவர் குறுக்கே வந்தார். “எல்லாம் சொல்றியே தம்பி, வைக்கோல மாடு திங்குமா?”

நண்பர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்களே சொல்லுங்க ஆயா” என்றார். ஆயா எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். இரண்டு வைக்கோல் போர். ஒன்று மெல்லிய தண்டு, விரலால் முறுக்கினால் கயிறாகத் திரிகிறது. இன்னொன்று முறுக்கினால் சடசடவென்று ஒடிகிறது. ஒடிகிற வைக்கோலைக் கறவை மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும், அடியில் மிதித்துப் பாழாக்கும் என்றார். முழுக் கணக்கே வைத்திருந்தார். ஒடிகிற வைக்கோல் ரகம் ஒரு மாவுக்கு ஒரு மூட்டை கூடுதலாகக் காணும். ஆனால் தீவனத்துக்கு வெளியில் வாங்குகிற வைக்கோல் கட்டு விலை அந்த மூட்டையைத் தின்றுவிடும். நண்பர் தன் கேள்வித் தாளை எடுத்து, “வைக்கோல்: மாடு தின்றதா, இல்லையா” என்று ஒரு வரி சேர்த்தார். மற்ற தாள்களிலும் கையால் எழுதிச் சேர்க்க அரைமணி நேரம் ஆயிற்று. ஆயா அதுவரை நின்று பார்த்துவிட்டு, கிளம்பும்போது ஒரு தூக்கு நிறையக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டார்.

இரவு இடியோடு மழை. லாட்ஜில் மின்சாரம் போய், மோட்டார் ஓடாமல், குழாயில் காற்று வந்தது. 900 ரூபாய் அறை. காலையில் பார்த்தால் கார் டிக்கியின் ரப்பர் பட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த பொட்டலங்கள் நனைந்துவிட்டன.

ஆகஸ்ட் 28, வியாழன்: திருத்துறைப்பூண்டி

நனைந்த பொட்டலங்களில் குறியெழுத்தின் மை கலைந்திருந்தது. விதை கெடவில்லை, நிழலில் உலர்த்தினால் பிழைக்கும். ஆனால் எது எதுவென்று தெரியாத விதையை விவசாயி கையில் கொடுக்கமாட்டேன் என்று நண்பர் எல்லாவற்றையும் தனியே ஒதுக்கிவிட்டார். லாட்ஜ் மொட்டை மாடியில் துண்டு விரித்து, மீதியைக் காயவைத்துப் புதுப் பொட்டலம் போட மதியம் வரை ஆயிற்று. உதவிக்கு வந்த லாட்ஜ் பையன் கும்பகோணத்துக்காரன். வேலை முடிந்ததும் டீ வாங்கிவந்து, காசு வாங்கமாட்டேன் என்று நின்றான்.

திருத்துறைப்பூண்டி என்றதும் டெல்டாவில் நினைவுக்கு வருவது நெல் திருவிழா. 2006-ல் பக்கத்து ஆதிரெங்கத்தில் தொடங்கியது. ‘நெல்’ ஜெயராமன் 2018 டிசம்பரில் இறக்கும்வரை அதை நடத்தினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி எல்லாம் அப்படித்தான் மறுபடி வயலுக்கு வந்தன.

மாலையில் சந்தித்த தம்பிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று ஏக்கர் முழுக்கக் கருப்புக் கவுனி போடப்போகிறேன் என்றார். கிலோ இருநூறு ரூபாய்க்குமேல் விற்கிறார்களே என்று கைபேசியில் காட்டினார். நண்பர் அவரை நிறுத்தி, வயலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். சாலையோரத்து ஒரு மா போக மற்ற வயலெல்லாம் நடுவில் இருந்தது. சுற்றிலும் வேறு நாலு பேருடைய வயல்கள்.

“சுத்தி இருக்கிறவங்க என்ன போடுறாங்க?”

“எல்லாம் 130 நாள்தான் சார்.”

கருப்புக் கவுனி அதைவிடப் பல நாள் பிந்தி வரும். அக்கம்பக்கத்தார் அறுத்துவிட்டு, உளுந்து தெளித்து முளைக்க விட்டிருப்பார்கள். அறுவடை செய்கிற பெல்ட் வண்டி அவர்கள் உளுந்தை மிதிக்காமல் இவர் வயலுக்குப் போக வழி கிடையாது. எல்லா வயலும் அறுத்த பிறகு தனியாக நிற்கிற கதிருக்கு ஊரில் உள்ள எலியும் குருவியும் வந்து சேரும். உயரமான பயிர் என்பதால் மழையும் காற்றும் சேர்ந்தால் சாய்ந்துவிடும். 2021 ஜனவரி மழையில் முற்றிய சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்ததை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. இதையெல்லாம் கேட்டதும் தம்பியின் முகம் வாடிவிட்டது.

நண்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோரத்து ஒரு மாவில் மட்டும் கவுனி, அதற்கும் முன்பே வாங்குபவரைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நடு வயலில் அக்கம்பக்கத்தாரோடு ஒத்துப்போகிற ரகம். “ஒரு மாவுல தப்பினா பாடம் தம்பி. மூணு ஏக்கர்ல தப்பினா திரும்ப சென்னைக்குத்தான் போவணும்.” எனக்கு இது மிகச் சரியான யோசனையாகப் பட்டது. பாரம்பரிய நெல் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் விற்க வழியில்லாமல் முதல் வருடமே கைசுட்டுக்கொண்டவர் மறுபடி அந்த விதையைத் தொடுவதில்லை.

இரவு புரோட்டா, நாட்டுக்கோழிக் குழம்பு. இருவருக்கும் சேர்த்து 310 ரூபாய்.

ஆகஸ்ட் 29, வெள்ளி: தலைஞாயிறு, வேதாரண்யம்

கடைமடை. மேட்டூர்த் தண்ணீர் இங்கே வந்து சேரும்போது பாதி ஆட்கள் அதை நம்புவதை விட்டிருப்பார்கள். நாற்று விடாமல், காய்ந்த மண்ணை உழுது புழுதியில் நேரடியாக விதைக்கிறார்கள். மழை பெய்தால் முளைக்கும். நேற்று முன்தினம் மழை பெய்திருந்ததால் சிலர் முகத்தில் சந்தோஷம், விதைக்காதவர்கள் முகத்தில் அவசரம்.

தெற்கே போகப்போக வரப்போரம் வெள்ளைப் பூத்திருந்தது. ஒரு பெரியவர், “இந்த உப்பு மண்ணுக்குத் திருச்சி 3 போடலாங்களா? மச்சான் மணிகண்டம் பக்கம் போட்டு நல்லா வந்துச்சாம்” என்றார். நண்பர் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு போர் தண்ணீரையும் கொப்பளித்துத் துப்பினார். திருச்சிப் பக்கத்து நிலம் களர், சோடியம் ஏறி இறுகிப்போன மண். டிஆர்ஒய் 3 என்கிற திருச்சி 3 அந்த மண்ணை மனதில் வைத்து உருவாக்கியது. ஜிப்சம் போட்டுக் களரைத் திருத்தவும் முடியும். இங்கே கடல் தண்ணீர் உள்ளே ஏறிய உவர். ஜிப்சம் போட்டுப் பயனில்லை, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். மச்சானுக்கு வந்தது இவருக்கு வரும் என்று சொல்ல முடியாது. முதலில் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள், அதுவரை மூன்று மா மட்டும் விதையுங்கள் என்றார்.

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கப்பா காலத்துல குழியடிச்சான்தான் போடுவாங்க” என்றார். கடலோர உவர் நிலத்தில் நெடுங்காலம் விளைந்த நெல் அது. விளைச்சல் குறைவு என்று கைவிட்டுவிட்டார்கள். அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இன்னும் ஒரு மரக்கால் விதை இருக்கலாமாம். உடனே கைபேசியில் கூப்பிட்டார். இருந்தது. ஆனால் போன வருடத்து விதையா, அதற்கு முந்தியதா என்று அந்த அம்மாவுக்கு நினைவில்லை. நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எத்தனை முளைத்தது என்று பார்க்கும்படி நண்பர் ஸ்பீக்கரில் விளக்கினார். எண்பதுக்குக் கீழே போனால் விதையளவைக் கூட்ட வேண்டும். பாதிக்கும் கீழே என்றால் விதைக்கவே வேண்டாம். “எண்ணி வக்கிறேன் தம்பி, வர்ற வெள்ளிக்கெழம போன் பண்ணு” என்றார் அந்த அம்மா.

வேதாரண்யத்தில் மதியச் சாப்பாடு. மடவை மீன் குழம்பு, வறுத்த சுறாப்புட்டு, 180 ரூபாய். உப்பளக் காற்றில் சட்டை பிசுபிசுத்தது. நண்பர் சாப்பிட்ட கையோடு கைபேசியில் மூன்று நினைவூட்டல் பதிந்தார். செப்டம்பர் 5: குழியடிச்சான் முளைப்பு. செப்டம்பர் 15: வலங்கைமான் தம்பி நாற்று விடலாம். ஜனவரி கடைசி வாரம்: மூன்று பொட்டலம் வாங்கியவர்கள் எல்லோரையும் மறுபடி பார்ப்பது. அந்தக் கடைசிப் பயணத்துக்கும் போகிறேன், முடிவுகளை இதேபோல எழுதுகிறேன். அதற்குள் உங்கள் ஊரில் யாராவது விதை வாங்கப் போனால், மூட்டை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.